அந்தக் கை அங்கேதான் இருக்கும்

1

என் மகளை நான் சர்க்கஸுக்கு விற்றுவிட்டேன் என்று நம் காலனியில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நம் பிள்ளைகள் நடத்தும் இந்த ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி நீங்கள் விடாமல் கேட்கிறீர்கள். வெளியூர் போனவர்கள் அங்கத்திய வாழ்க்கையை எழுதுங்கள் என்கிறீர்கள். எழுதத் தெரியாது என்று இதுவரை தட்டிக்கழித்தேன். கோபம் வந்தால் எழுத்தும் வருகிறது என்று இப்போது தெரிகிறது.

நான் வசந்தா. குடியாத்தம் பக்கத்து நம் காலனியிலிருந்து கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவள். வீடு ஆஸ்டின் டவுனில். கணவர் குமார் குழாய் வேலை செய்கிறார். நான் வீடுகளில் சமைக்கிறேன். ஒரே மகள் ரம்யா, பத்தாம் வகுப்பு.

நடந்தது இது. ரம்யா பயிற்சி செய்யும் வீடியோ ஒன்று எப்படியோ சுற்றி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. அதில் ரம்யாவும் ஒரு பையனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ரம்யாவின் தோளில் ஒரு காலும் பையனின் தோளில் ஒரு காலும் வைத்து ஒரு பெண் மேலே நிற்கிறாள். கீழே நிற்கும் இருவரும் ஆளுக்கு ஒரு கையால் அவளுடைய கெண்டைக்காலைப் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு கையை ஒருவர் முதுகைச் சுற்றி ஒருவர் போட்டு இடுப்பை இறுக்கியிருக்கிறார்கள். யாரோ புண்ணியவான் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி, படமாக்கி, என் மகள் இடுப்பில் இருந்த பையனின் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

அன்று மாலையே என் கணவரின் அக்கா, நம் காலனியிலேயே இருக்கும் பூங்கொடி அண்ணி போன் செய்தார்.

"ஏம்மா வசந்தா, அந்தப் பையன் யாரு?"

"கூட பண்றவன்."

"கூட பண்றவன் கை இடுப்புல இன்னா பண்ணுது?"

"புடிச்சினு இருக்குது."

"அதான் கேக்கறேன். எதுக்குப் புடிச்சினு இருக்குது?"

"உட்டா மேல இருக்கறது கீழ வுழும் அண்ணி."

அண்ணிக்கு அது பதிலாகப் படவில்லை. பையன் பேர் என்ன என்று கேட்டார். இம்ரான் என்றேன். அப்புறம் அண்ணி பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பெண்ணை அங்கிருந்து நிறுத்து, இல்லையென்றால் பொங்கலுக்கு இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வராதே என்றார்.

நான் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணிக்கு யாராவது படித்துக் காட்டுங்கள்.

2

சர்க்கஸ் என்றதும் கூடாரத்தையும் சிங்கத்தையும் நினைக்க வேண்டாம். தொம்மலூரில், ஆபீஸ்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் பழைய ஊருக்குள், முன்பு டைல்ஸ் அடுக்கி வைத்திருந்த ஒரு கிடங்கு. தகரக் கூரை. தரையில் நீல நிற மெத்தைகள். மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது காதில் விழாது. அதை நடத்துகிற ஷீபா கேரளத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் கூடாரத்தில் வேலை செய்தவர்கள். ஷீபா அதை விட்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பந்து வீசிப் பிடிப்பது, ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவது, ஆள் மேல் ஆள் நிற்பது.

தொம்மலூர் சந்துப் பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் ஆஸ்டின் டவுனிலிருந்து சிலர் வருகிறார்கள். சிவாஜிநகரிலிருந்து பஸ் பிடித்து இம்ரான் வருகிறான். அவன் அப்பா மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருக்கிறார். கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் குடியிருக்கும் பீகார்க்காரர்களின் பிள்ளைகள் வருகிறார்கள். பெரிய பெரிய அபார்ட்மெண்டுகளிலிருந்து காரில் வந்து இறங்குகிற பிள்ளைகளும் வருகிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் இந்த ஊரில் வேறு எங்கேயும் ஒன்றாக நிற்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் வேறு, வண்டி வேறு, சாப்பாடு வேறு. ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தை இன்னொருத்தர் அம்மா கழுவிக்கொண்டிருப்பார். பெங்களூரில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள் என்று சொல்கிறவன் லிப்டைப் பார்த்ததில்லை. நான் சமைக்கப் போன கட்டடத்தில் எங்களுக்குத் தனி லிப்ட். குப்பை வண்டியும் நாங்களும் அதில்தான் ஏற வேண்டும்.

வீடியோவில் மேலே நின்ற பெண் அனன்யா. அவள் வீட்டில்தான் நான் சமையல். வேலைக்காரி மகள் தோளில் முதலாளி மகள் நிற்கிறாள், இதில் என்ன புதுமை, ஊரெல்லாம் இப்படித்தானே நடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானே கேட்டேன். ஷீபாவிடம் முகத்துக்கு நேராகக் கேட்டேன். வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றார்.

போய் உட்கார்ந்தேன். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. கீழே நிற்கிறவர் சொல்வதுதான் பேச்சு. அவர் 'ஏறு' என்றால்தான் ஏற வேண்டும். 'இறங்கு' என்றால் ஏன், எதற்கு என்று கேட்காமல் இறங்க வேண்டும். ரம்யா அனன்யாவைப் பார்த்து, முடி அவிழ்ந்திருக்கிறது, போய்க் கட்டிக்கொண்டு வா என்று கன்னடத்தில் அதட்டினாள். அந்தப் பெண் வாயைத் திறக்காமல் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். நான் அந்த வீட்டில் அத்தனை வருடம் வேலை செய்தும் ஒரு ஃபேனை நிறுத்தச் சொன்னதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. பிடித்தால் பிடித்ததுதான். மேலே இருப்பவர் கால் தரையில் படும்வரை, முதுகில் எறும்பு கடித்தாலும் கையை விடக் கூடாது. இந்த இரண்டாவது சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

ரம்யா எதற்கு அங்கே போனாள் என்பதையும் சொல்கிறேன்.

அவளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க நானும் குமாரும் அலைந்த கதை உங்களில் சிலருக்குத் தெரியும். இங்கே தாலுகா ஆபீசில், உங்கள் பூர்வீகம் தமிழ்நாடு, அங்கே போய் வாங்குங்கள் என்றார்கள். வேலைக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தால், பெண் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கர்நாடகம், அங்கே கேளுங்கள் என்றார்கள். திரும்ப இங்கே வந்தால் ஒரு காகிதம் தருகிறோம், ஆனால் அதை வைத்து இங்கே ஒன்றும் கிடைக்காது என்றார்கள். பிறகு எதற்கு அந்தக் காகிதம்? சட்டம் போட்டு மாட்டவா? எங்கள் சாதியை இரண்டு மாநிலமும் மறக்கவில்லை. சான்றிதழ்தான் தரவில்லை.

பள்ளிக்கூடத்தில் ரம்யாவின் உடம்பு பிரச்சினை. பெரிய உடம்பு, என் அப்பா வழி. கிளாசில் அவளை எருமை என்று கூப்பிட்டார்கள். அதோடு 'தமிழு' என்று வேறு கூப்பிட்டார்கள். அதில் ஒரு வேடிக்கை. அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. கன்னடம்தான் படிக்கிறாள். கோபம் வந்தால் என்னிடமே கன்னடத்தில்தான் கத்துகிறாள். ஊருக்கு வந்தால் அவளைக் கன்னடக்காரி என்கிறீர்கள். என்னையும் சும்மா விட்டீர்களா? சந்தையில் 'கொஞ்சம்' என்பதற்கு வாய் தவறி 'ஸ்வல்ப தள்ளுங்க' என்று சொன்னதற்கு அன்று முழுக்கச் சிரித்தீர்கள். சிரியுங்கள். இரண்டு இடத்திலும் சிரிப்பு வாங்கி எனக்குத் தோல் தடித்துவிட்டது. அவளுக்கு இன்னும் தடிக்கவில்லை. சாயங்காலம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு படுத்துக்கிடந்தாள். அனன்யா அந்தச் சர்க்கஸ் பள்ளியைப் பற்றி அவள் வீட்டில் பேசியதைக் கேட்டுத்தான் நான் ரம்யாவை இழுத்துக்கொண்டு போனேன். வேறு ஒரு பெரிய எண்ணமும் இல்லை. வீட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றுதான்.

சேரும்போது அங்கே கேட்டது மூன்றே விஷயம். எடை எவ்வளவு, மூச்சிரைப்பு உண்டா, முன்பு எங்காவது எலும்பு உடைந்திருக்கிறதா. சாதி இல்லை, மாநிலம் இல்லை, தாய்மொழி இல்லை. எடையைச் சொல்லாமல் ரம்யா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன். ஷீபாவின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஓர் ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், ஒல்லிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேலே யாரையும் ஏற்ற முடியவில்லை என்றார். என் மகளின் உடம்பைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

இம்ரான் அவளுக்கு 'மெட்ரோ தூண்' என்று பேர் வைத்தான். பள்ளிக்கூடத்தில் வைத்த பேருக்கு அழுதவள் இந்தப் பேருக்குச் சிரித்தாள். "டேய், நீயும் தூண்தான்டா. ஆனா உம்மேல ரயில் வுட்டா பாதி வழியில அல்சூரோட நின்னுடும்" என்றாள். அப்படி அவள் வாயாடி நான் கேட்டதே இல்லை.

4

இப்போது அந்த அபார்ட்மெண்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

அனன்யா குடியிருக்கும் கட்டடத்தில் ஆண்டு விழா. பிள்ளைகளின் சர்க்கஸ் வைக்கலாம் என்று அவர்களே கூப்பிட்டார்கள். விழாவுக்கு முன் ஒரு நாள் அங்கே புல்தரையில் ஒத்திகை. வாசலில் செக்யூரிட்டி போனில் எல்லோர் பேரையும் ஏற்ற வேண்டும். அந்தப் போனில் மூன்று வகைதான் இருக்கிறது. விருந்தாளி, பொருள் கொண்டுவருகிறவர், வீட்டு வேலை. காரில் வந்த பிள்ளைகளை விருந்தாளி என்று போட்டான். எங்கள் பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வீட்டு வேலை என்று போட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனும் வயிற்றுப்பாட்டுக்கு நிற்கிறான். அனன்யா வந்து சண்டை போட்டு எல்லோரையும் விருந்தாளி என்று மாற்ற வைத்தாள்.

எனக்கு அப்போது வேலை நேரம். சமையலை முடித்துவிட்டு, அனன்யாவுக்குத் தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். பிள்ளைகளுக்குப் பின்பக்கம் நின்றேன். ஷீபா முன்பக்கம் மெத்தை ஓரத்தில் கைகளைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார். அனன்யா ஏறினாள். நிமிர்ந்தாள். நன்றாகத்தான் நின்றாள்.

அப்போது அனன்யாவின் அம்மா, நான் மேடம் என்று கூப்பிடுகிறவர், போனில் பேசிக்கொண்டே பின்பக்கமாக வந்தார். மகள் செய்வதை அவர் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. எப்போதும் டிரைவர்தான் கொண்டுபோய் விடுவார். அவர் கண்ணில் பட்டது மேலே நிற்கும் மகள் இல்லை. மகளின் காலைப் பிடித்திருந்த இம்ரானின் கை.

"கை தெகி" என்றார். கையை எடு என்று கன்னடத்தில்.

இம்ரான் எடுக்கவில்லை. எடுத்தால் அவள் விழுவாள். மறுபடியும் சத்தமாகச் சொன்னார். அவன் நேராகப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. மேடம் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவன் தோள் திரும்பியது. அனன்யாவின் கால் வழுக்கியது.

விழும்போதும் அவனும் ரம்யாவும் அவளை விடவில்லை. ஷீபாவும் பாய்ந்து முதுகைத் தாங்கினார். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கையை ஊன்றிவிட்டாள். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் கட்டடம் முழுக்க ஒரு செய்தி. அந்தப் பையன் கையை விட்டுவிட்டான், அதனால் பெண் விழுந்துவிட்டாள். மறுநாள் காலைக்குள் அது வேறு செய்தியானது. அந்தப் பையன் பெண்ணைத் தப்பாகத் தொட்டான், அம்மா பார்த்துவிட்டார், அவன் கையை விட்டுவிட்டான். போலீசில் புகார் கொடுக்கப் போகிறார்களாம். இல்லையென்றால் அவனைச் சர்க்கஸிலிருந்து நீக்கிவிட்டதாக ஷீபா எழுதித் தர வேண்டுமாம்.

முன்பக்கம் நின்ற ஷீபாவுக்கு மேடத்தின் சத்தம் கேட்டது, கை தெரியவில்லை. அனன்யா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறினால் குனிந்து பார்க்கக் கூடாது. ரம்யாவுக்குத் தெரியும், ஆனால் அவள் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்? பின்னால் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான்.

5

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். குக்கரை வைத்துவிட்டு, மேடம் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்கு வந்தபோது சொன்னேன். கன்னடத்தில்தான் சொன்னேன். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், நீங்க இழுத்தீங்க. அதுலதான் வுழுந்துச்சி."

அவருக்கு முதலில் புரியவே இல்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்று நான் சொன்னதுபோலப் பார்த்தார். திரும்பவும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மெதுவாக, பொறுமையாகப் பேசினார். நீ படித்தவள் இல்லை, உனக்கு இதெல்லாம் தெரியாது என்றார். உன் வீட்டிலும் வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள், அந்தப் பையனின் கை எங்கெல்லாம் இருந்தது என்று பார்த்தாயே, ஓர் அம்மாவாக உனக்கு அது தப்பாகத் தெரியவில்லையா என்றார்.

அப்படியே பூங்கொடி அண்ணியின் பேச்சு. ஒரு வார்த்தை மாறவில்லை.

"எங்க புடிக்கணுமோ அங்கதான் புடிச்சான். நீங்க சொல்லியும் உடல. உட்டிருந்தா உங்க பொண்ணு தலை ஒடஞ்சிருக்கும்" என்றேன்.

அனன்யா அவள் அறை வாசலில் கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அம்மா, நீ அவன் கைய இழுத்தியா?"

நான் அடுப்பை அணைத்தேன். மேடம் என்னைப் பார்த்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அந்த வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து வருகிறவளுக்கு ஆகும்.

போலீஸ் புகார் கொடுக்கவில்லை. அனன்யாவின் அப்பா ஷீபாவுக்குப் போன் செய்து, விஷயத்தை இதோடு விட்டுவிடலாம் என்றார். விட்டுவிடலாமாம். இம்ரானிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டடத்தின் வாட்ஸ்அப்பில் போட்ட செய்தியை யாரும் திருத்தவில்லை. ஆண்டு விழாவில் மேஜிக் வைத்துக்கொண்டார்கள். எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, அதைப் பற்றி யாரும் வருத்தப்பட வேண்டாம்.

என் கோபம் மேடத்தின் மேல் மட்டும் இல்லை. அவர் அப்படித்தான் இருப்பார். என் கோபம் உங்கள் மேல்.

நாம் யார்? ஊர்த்தெரு டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். என் அப்பா கை நீட்டினால் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைப்பார்கள். அந்தக் கையைத் தொட மாட்டார்கள். அதற்காக நாம் சண்டை போட்டோம். அடி வாங்கினோம், அடித்தோம். கோயிலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டில் புத்தர் படத்தை மாட்டினோம். வருடா வருடம் மேடை போட்டு, மனிதனை மனிதன் தொட்டால் தீட்டா என்று மைக்கில் கேட்கிறோம். அந்தக் காலனியிலிருந்து ஒரு விரல் நீண்டு ஒரு பையனின் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுகிறது.

குளிர்சாதன வீட்டில் இருக்கிறவரும் நம் காலனியில் இருக்கிறவரும் வேறு எதிலும் ஒத்துப்போக மாட்டீர்கள். இந்த ஒரு பையனை வெளியே தள்ளுவதில் மட்டும் எப்படி ஒன்றானீர்கள்? வெட்கமாக இல்லையா? பெண் பிள்ளை, அதனால்தான் என்று சொல்லாதீர்கள். பையன் பேர் வேறாக இருந்திருந்தால் அண்ணி போனில் அப்படி அமைதியாகியிருக்க மாட்டார். நான் பெண்ணைப் பெற்றவள்தான். தப்பான கை எது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும் கைகளை எல்லாப் பெண்ணுக்கும் தெரியும். இது அந்தக் கை இல்லை.

குமாரும் முதலில் தடுமாறினார். அக்கா சொல்லிவிட்டார் என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நீங்கள் ஒரு நாள் வந்து பாருங்கள், பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன் என்றேன். வந்தார். கடைசிவரை இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், "அந்தப் பையன் தோளு நல்லா ஸ்ட்ராங்கா இருக்குது, ஆனா வலது கால் கொஞ்சம் உள்ள வெக்கறான்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

6

குமார் வந்து பார்த்தது எல்லாம் அனன்யா விழுவதற்கு முன்னால். விழுந்த பிறகு இம்ரான் வருவதை நிறுத்திவிட்டான். போன் எடுக்கவில்லை. ரம்யா மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். நான் சிவாஜிநகருக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைகளைத் தாண்டி, கறிக்கடை வரிசை. இம்ரானின் அப்பா நான் ரம்யாவின் அம்மா என்றதும் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டார். இம்ரான் உள்ளே இருந்தான். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"இந்தா பாரு பெஹன்" என்றார் அவர், தங்கையைக் கூப்பிடுவதுபோல. "இவன் கை கத்தி புடிக்கிற கை. அது போதும். பொண்ணுங்க கால புடிக்கிற வேல வோணாம். நாளைக்கி இன்னொரு அம்மா வருவாங்க. எம்புள்ள பேரு ஸ்டேஷன்ல ஏறிச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. எனக்கும் அப்படி ஒரு மகன் இருந்தால், அப்படி ஒரு பேர் இருந்தால், நானும் பயப்படுவேன். அதனால் அவரை நான் சமாதானப்படுத்தவில்லை. நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். கையை எடு என்று இரண்டு முறை சொல்லியும், இழுத்தும், அவன் விடவில்லை. விழும்போதும் விடவில்லை. அவனுடைய அப்பாவுக்கு இது தெரியாது. மகன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையை விட்டுவிட்டான் என்று ஊரே சொன்னதை அவரும் நம்பியிருக்கிறார். உள்ளே பார்த்து தக்கனி உருதுவில் ஏதோ கேட்டார். இம்ரான் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். அவர் கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேஜை.

அந்தச் சனிக்கிழமை அவரே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

பிள்ளைகள் ஒன்றும் நடக்காததுபோல நடந்துகொண்டார்கள். அனன்யா கட்டுப் போட்ட கையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா கொண்டுவந்து விடுகிறாராம். அவள் அம்மாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவள் இடத்தில் சுனிதா ஏற வேண்டும். கட்டட வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பெண், கோழிக்குஞ்சு மாதிரி இருப்பாள்.

ரம்யாவும் இம்ரானும் நின்றார்கள். ரம்யா கையை அவன் முதுகைச் சுற்றிப் போட்டாள். இம்ரான் கையை அவள் முதுகுக்குப் பின்னால் நீட்டினான். ஆனால் படவில்லை. விரல்களை மடக்கி, காற்றில் வைத்துக்கொண்டிருந்தான். சுனிதா காலை வைத்தாள். அவன் அதையும் பிடிக்கவில்லை.

"எறங்கு" என்றாள் ரம்யா. சுனிதா இறங்கிவிட்டாள். ரம்யா அவனைப் பார்த்து, "புடிக்காதவன்கூட நான் நிக்க மாட்டேன்" என்றாள்.

"நான் இன்னா பண்றது ரம்யா? கை போவ மாட்டேங்குது."

பதினாறு வயசுப் பையன். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட வெட்கப்பட்டு நின்றான். ஷீபா அவனைத் திட்டவில்லை, தடவிக்கொடுக்கவும் இல்லை. தோளில் வேண்டாம், தொடையில் ஏறுகிறதைச் செய்யலாம் என்றார். அது சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது. இரண்டு பேர் ஒரு முட்டியை மடக்கி நிற்பார்கள். மேலே ஏறுகிறவர் அவர்களுடைய தொடையில் கால் வைத்து நிற்பார். அவர்கள் கையைச் சுற்றிப் போட்டு, ஏறியவரின் முட்டிக்கு மேலே பிடித்துக்கொள்வார்கள். யார் ஏறுகிறீர்கள் என்று ஷீபா கேட்டார். பெண்கள் இம்ரானைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்கள். அவனைக் குறைவாக நினைத்து இல்லை. அவனுக்கு இன்னும் கஷ்டம் வருமோ என்றுதான்.

நான் எழுந்தேன். செருப்பைக் கழற்றினேன். முந்தானையை இழுத்துச் செருகினேன்.

"அம்மா, பைத்தியமா உனக்கு?" என்றாள் ரம்யா.

"கீழ நிக்கறவங்கதான சொல்லணும்? சொல்லு, ஏறட்டுமா?"

அவள் இம்ரானைப் பார்த்தாள். இம்ரான் என்னைப் பார்த்தான்.

"ஆண்ட்டி, நீங்களா?"

"ஏன், என் வெயிட்டு தாங்க மாட்டியா? எங்க வீட்டு தூண பெத்தவ நான்."

அனன்யா சுவரோரம் களுக்கென்று சிரித்தாள். அதன்பிறகு எல்லோரும். இம்ரான் சிரிக்கவில்லை, ஆனால் முட்டியை மடக்கினான். ரம்யாவும் மடக்கினாள். ஷீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ரம்யா என் காலை அணைத்துப் பிடித்தாள். அந்தப் பக்கம் இம்ரான் என் புடவையைப் பிடித்திருந்தான். கால் ஆடியது.

"துணிய புடிச்சா நான் வுழுந்துடுவேன்டா. கால புடி."

"ஆண்ட்டி..."

"உன் அம்மா வயசுடா நானு. கெட்டியா புடி."

பிடித்தான்.

ஷீபா என் கையை விட்டுவிட்டார். உயரம் ஒன்றும் இல்லை, ஒரு ஸ்டூல் உயரம்தான். வாசலில் ஸ்கூட்டர்மேல் கை வைத்துக்கொண்டு நின்ற அவன் அப்பா தெரிந்தார். இடுப்பு வலித்தது. நானாக நிற்கவில்லை, இரண்டு பிள்ளைகள் நிற்க வைத்திருக்கிறார்கள் என்பது காலில் தெரிந்தது. கையை விரி என்று பிள்ளைகள் கத்தினார்கள். விரித்தேன். ரம்யா 'எறங்கு' என்று சொல்லும்வரை நின்றேன். என் கால் தரையில் படும்வரை அவன் விடவில்லை.

அடுத்து சுனிதா ஏறினாள். அவளையும் பிடித்தான்.

பூங்கொடி அண்ணிக்குச் சொல்லுங்கள். பொங்கலுக்கு வருகிறோம், நான், குமார், ரம்யா மூன்று பேரும். அந்தப் பையனின் கை எங்கே இருந்தது என்று யாராவது கேட்பதாக இருந்தால் இனி ரம்யாவிடம் கேட்க வேண்டாம். என்னிடம் கேளுங்கள். முட்டிக்கு மேலே, நான்கு விரல் உயரத்தில், கெட்டியாக இருந்தது.